உப்பு மலையிலிருந்து இறங்கிய அயோடின் அக்கா

மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மலைச்சரிவு சைக்கிள் ரேஸுக்குத் தயாரான ஒரே ஆள், இந்தப் பூமியிலேயே, எங்கள் அயோடின் அக்காதான். இதை நான் யாரிடமும் விசாரித்து எழுதவில்லை. விசாரிக்கத் தேவையும் இல்லை. மரக்காணத்தை ஒரு முறை பஸ்ஸில் கடந்தவர்களுக்கே தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புப் பாத்திகள், நடுவில் ஈசிஆர். எங்கே நின்று பார்த்தாலும் தரை தரையாகவே போய்க்கொண்டிருக்கும். ஊரில் உயரமான இடம் என்றால் குடிநீர்த் தொட்டி. அதற்கு அடுத்தது உப்புக் குவியல். குடிநீர்த் தொட்டியின் படிகளில் சைக்கிள் இறக்கலாமா என்று அக்கா பேரூராட்சி ஆபீசில் போய்க் கேட்டதாகவும், அங்கிருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

நான் அப்போது அங்கே ஓர் உப்பு பேக்கிங் கம்பெனியில் லோடு கிளார்க். எந்த லாரியில் எத்தனை மூட்டை ஏறியது என்று பார்த்து கேட் பாஸ் எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். அதே ஷெட்டில் அக்காவின் உத்தியோகம், உப்புக்கு அயோடின் தெளிப்பது. வயலில் மருந்தடிக்கிறவர்கள் முதுகில் மாட்டியிருப்பார்களே, அதே மாதிரி ஒரு டப்பா. அதை மாட்டிக்கொண்டு அவர் நின்றால் எல்லைச்சாமிக்கே கொஞ்சம் தயக்கம் வரும்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. பிடிவாதம் என்பதை அவரிடம்தான் நான் முதன்முதலில் நேரில் பார்த்தேன். ஒரு நாள் லாரி கிளம்பிப் போனபிறகு, கடைசி மூட்டைக்குத் தெளித்தோமா இல்லையா என்று அவருக்கு ஒரு சந்தேகம். முதலாளி, “ஒரு மூட்ட தானம்மா, வுடு” என்றார். அக்கா விடவில்லை. டப்பாவை முதுகில் மாட்டியபடியே தன் பிரேக் இல்லாத சைக்கிளில் ஏறி, கூனிமேடு வரைக்கும் துரத்திப் போய், டீக்கடையில் நின்ற லாரியைப் பிடித்து, மூட்டையை இறக்கவைத்து, தையலைப் பிரித்து, தெளித்து, தைத்து, ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஊர்ல எவன் வீட்டுக் கொழந்தைக்கோ கழுத்து வீங்குச்சின்னா நீயா வந்து தடவி வுடுவ?” என்று முதலாளியைப் பார்த்து ஒரே கேள்வி. முதலாளி அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

பிரேக் இல்லாத சைக்கிள் என்றேன் அல்லவா? உப்பளத்துப் பக்கம் எல்லாருடைய சைக்கிளும் அப்படித்தான். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் வேலை முடிந்ததும் மண்வெட்டியோ, தராசுக் கொக்கியோ, கதவுக் கீலோ, இரும்பாக எது கண்ணில் பட்டாலும் ஒரு துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். கையே தானாகச் செய்யும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதனால்தான் எல்லா வினையும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காற்றுக்கு என் தலைமுடி தாங்காது என்று என் அம்மா செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டு ஓர் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். நான் ஆபீசுக்கு வருவதற்கு அரை நிமிடம் முன்னால் அந்த வாசனை வந்துவிடும். “கிளார்க்கு வந்துட்டாருபா, நோட்ட எடுத்து வெய்யுங்க” என்று அக்கா உள்ளேயிருந்தே சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசிஆரில் காரை நிறுத்திவிட்டு ஒரு சென்னைப் பையன் உப்புக் குவியல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கார் மேல் ஒரு சைக்கிள் கட்டியிருந்தது. டயர் ஒவ்வொன்றும் தொடை தண்டி. அக்கா சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்து போனார்.

“ஏம்பா, இது இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய டயரு?”

“மலையில ரேஸ் ஓட்றதுக்கு ஆன்ட்டி. டவுன்ஹில். மேல இருந்து கீழ இறங்குவோம்.”

“ஏறுறதுக்கு?”

“ஏறுறதுக்கு ஜீப்பு இருக்குது ஆன்ட்டி. ஜீப்புல ஏத்திக்கினு போயி வுட்ருவாங்க. இறங்கறது மட்டும்தான் ரேஸ்.”

அக்கா கார் மேல் இருந்த சைக்கிளை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “கேட்டியா கிளார்க்கு? ஏற வேணாமாம். இறங்கறது மட்டுமே ஒரு ரேஸாம்” என்றார். குரலே மாறியிருந்தது.

அதன் அர்த்தம் எனக்கு மறுநாள்தான் புரிந்தது. அயோடின் டப்பா கைக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் அவர் பாத்தியில் உப்பு சுமந்தவர். தலையில் சும்மாடு, அதன்மேல் பாண்டு என்கிற இரும்புச் சட்டி, அது நிறைய ஈர உப்பு. பலகை மேல் ஏறிக் குவியலின் உச்சியில் கொட்டிவிட்டு இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று யாரும் எண்ணியதில்லை.

“பதினெட்டு வருஷம் ஏறியிருக்கேன்பா. இறங்கச்சொல்லோ கூட காலி பாண்டு தலையிலதான் இருக்கும். எனக்கு ஒரே ஒரு தபா, தலையில ஒண்ணும் இல்லாம, உக்காந்துக்கினே, சர்ருன்னு மலையில இருந்து இறங்கணும். அவ்ளோதான். அப்புறம் சாவச் சொன்னாலும் சாவறேன்.”

“ஹெல்மெட் போடணுமேக்கா, அது தலையிலதானே இருக்கும்?” என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

“அது தொப்பி. சொமையா அது? போய் கேட் பாஸ் எழுது.”

சைக்கிளுக்கு எங்கே போவது? கூனிமேட்டில் ஒரு சைக்கிள் கடை பாய் இருந்தார். பழுது பார்ப்பதில் மன்னன். அவர் கடையின் மூலையில், சாக்குப் போட்டு மூடி, ஒரு மலை சைக்கிள் இருந்தது. புதுச்சேரிப் பக்கமிருந்து யாரோ ஒரு இளைஞன் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடமாகியும் வாங்கிப் போக வரவில்லை. அவன் கொடுத்த நாளை எழுதிய ரிப்பேர் சீட்டு மட்டும் ஹேண்டில்பாரில் கட்டியபடி இருந்தது. அக்கா அதை விலைக்குக் கேட்டார். பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“அப்டி கேக்காதம்மா. அது அமானிதம். நம்பி வுட்டுட்டுப் போன பொருளு. நா விக்கவும் கூடாது, நீ வாங்கவும் கூடாது.”

“அப்போ இங்கியே துருப் புடிச்சி சாவட்டுமா அது?”

பாய் தாடியைத் தடவினார். சைக்கிளைப் பார்த்தார். துருப் பிடிக்கிறது என்ற வார்த்தை அவரை எங்கேயோ தைத்துவிட்டது. “ஓட்டி உசுரோட வெச்சிக்க. அதுல தப்பு இல்ல. ஆனா அவன் என்னிக்கி வந்து கேட்டாலும், அந்த நிமிஷமே குடுத்துடணும். ஒரு கீறல் இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

அக்கா சத்தியம் பண்ணினார். அன்றிலிருந்து ஈசிஆரில் எந்த பஸ்ஸிலிருந்து எந்த இளைஞன் இறங்கினாலும் அக்காவுக்கு நெஞ்சு ஒரு நொடி நின்று போகும். தெரியாத பையன்களை எல்லாம் முறைத்துப் பார்ப்பார். அதில் இரண்டு பேர் பயந்து அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

பாய் சைக்கிளை அக்காவிடம் ஒப்படைத்த அன்று நானும் கூட இருந்தேன். ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுக் காட்டினார். “செயினுக்கு எண்ண போடு. இந்த போல்ட்டுக்குப் போடு. தண்ணி பட்டா தொடச்சிட்டுப் போடு. ஆனா இந்த வட்டத் தகடு பாத்தியா, டிஸ்க்கு, இதத்தான் பிரேக்கு புடிக்கும். இதுல மட்டும் ஒரு சொட்டு எண்ண பட்டுதுன்னா பிரேக்கு வழுக்கிடும். இதுக்கு எண்ண ஹராம். ஞாபகம் வெச்சிக்க.” அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டார். நான் அந்த நேரத்தில் பக்கத்துக் கடை போண்டாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மலை. முதலாளியிடம் அக்காவே போய், உப்புக் குவியல் மேல் ஓட்டிக்கொள்கிறேன் என்றார்.

“ஜனங்க துன்ற உப்புல டயர வுடுவியா நீ?” என்று முதலாளி குதித்தார்.

“அந்தக் கோடியில போன வருஷத்துது ஒண்ணு கெடக்குதே, கருப்பு உப்பு, தோல் பதம் பண்றதுக்குப் போறது? அத யாரு துன்றாங்க? மாடு கூட உசுரோட இருந்தா துன்னாது.”

அந்தக் குவியல் இரண்டு மாடி உயரம் இருக்கும். முதலாளிக்கு கூனிமேடு மூட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டார்.

நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அக்கா ஆரம்பிப்பார். மலையில் ரேஸ் விடுகிறவர்களுக்கு ஜீப் உண்டு. எங்கள் மலைக்கு ஏது ஜீப்? சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு பலகை மேல் ஏறுவார். அதில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உச்சியில் வைத்து, ஏறி உட்கார்ந்து, “நவுருங்க!” என்று ஒரு சத்தம். மூன்றே வினாடியில் கீழே இருப்பார். முதல் வாரம் முழுக்க, கீழே என்றால் பாத்திக்குள் என்று அர்த்தம். முழங்கால் ஆழ உப்புத் தண்ணீரிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் முட்டியைப் பார்க்க மாட்டார், சைக்கிளைத்தான் பார்ப்பார். “கீறல் இல்ல” என்பார். மறுபடி தலை, மறுபடி பலகை. ஒரு மாலைக்கு முப்பது நாற்பது தடவை. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, டிஸ்க்கை மட்டும் ஒரு தனித் துணியால் துடைப்பார். வாயில், நான் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்ட ஒரு முணுமுணுப்பு: “இதுக்கு ஹராம், இதுக்கு ஹராம்.”

முட்டிக்கும் முழங்கைக்கும் பாதுகாப்பு வேண்டுமே? பழைய சும்மாடுகள் நான்கை எடுத்து நாடா வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் கணவர் பேசி யாரும் கேட்டதில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு அவர் ஒரு வாரம் கழித்து, “வுழுந்தா சொல்லு” என்றாராம். அக்கா அதைப் பெருமையாக ஷெட் முழுக்கச் சொன்னார்.

மூன்றாவது மாதம் ஒரு சோதனை வந்தது. தோல் கம்பெனிக்காரர்கள் கருப்பு உப்பைக் கேட்டு லாரி அனுப்பிவிட்டார்கள். தினம் இரண்டு லாரி. அக்காவின் மலை லாரியில் ஏறிக் கிளம்ப, அதற்கு கேட் பாஸ் எழுதிக் கொடுக்கிற பாவி நான்தான். அக்கா மேஜை முன்னால் வந்து நின்றார்.

“ஏம்பா கிளார்க்கு, என் மலய நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பறியே, ஒனக்கே நல்லா இருக்குதா?”

“நா இன்னாக்கா பண்றது? ஆர்டரு.”

“உச்சியில கை வெக்காதீங்கன்னு சொல்லு. பின்பக்கமா அள்ளச் சொல்லு.”

லோடு ஏற்றுகிற ஆட்கள் நல்லவர்கள். அக்காவோடு பாத்தியில் வேலை பார்த்தவர்கள் வேறு. பின்பக்கமாகவே குடைந்து அள்ளினார்கள். முன்பக்கம் சரிவு அப்படியே இருக்க, பின்பக்கம் செங்குத்தாக ஒன்றுமே இல்லாமல் போனது. பார்ப்பதற்குப் பாதி தின்ற லட்டு மாதிரி நின்றது. அந்த லட்டின் விளிம்பிலிருந்து அக்கா பயிற்சியைத் தொடர்ந்தார். ஒரு நாளும் நிறுத்தவில்லை.

ரேஸ், சேலம் பக்கத்தில் ஒரு மலையில். போனில் விண்ணப்பம் நிரப்பியது நான்தான். அவருடைய நிஜப் பெயரே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதினால் எனக்கு உதை விழும். அனுபவம் என்ற இடத்தில் ‘உப்பு மலை, 18 வருடம்’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு நாள் கழித்து ரேஸ் நடத்துகிறவர் போன் பண்ணினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“மேடம், நீங்க பிராக்டிஸ் பண்ற ஹில்லோட ஹைட் எவ்ளோ?”

“நேத்து வரிக்கும் ரெண்டு மாடி இருந்துதுங்க.”

“நேத்து வரைக்குமா?”

“மழ பேஞ்சா கொறஞ்சிடுங்க. லாரி வந்தாலும் கொறஞ்சிடும்.”

அந்தப் பக்கம் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, “பிகினர்ஸ் கேட்டகரியில போட்டுக்கறேன் மேடம்” என்று பணிவாகச் சொன்னார்.

சேலத்துக்குப் போகும் எங்கள் கம்பெனி உப்பு லாரியிலேயே போவது என்று முடிவாயிற்று. அக்கா, பாய், நான். சைக்கிளை மூட்டைகளின் மேல் படுக்கவைத்து தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். கிளம்பும்போது ஷெட் பெண்கள் அக்காவை நிற்கவைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துத் திருஷ்டி சுற்றினார்கள். சுற்றியதை இங்கே போடாதே, மலையில் போய்ப் போடு, அங்கேதான் கண்ணு படும் என்று ஒருத்தி சொல்ல, அக்கா அதைப் பொட்டலமாக மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். கணவரும் வந்திருந்தார். “போய்ட்டு வா” என்றார். அந்த வருடத்துக்கான இரண்டாவது பேச்சு அது.

பொழுது விடியும்போது லாரி எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனது. பாய் தொழுகைக்குப் போனார். அக்கா முகம் கழுவி உடை மாற்றப் போனார். “வண்டியப் பாத்துக்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்தேன். வழியில் ஏதோ ஒரு மூட்டை பிரிந்திருக்கிறது. சைக்கிள் முழுக்க உப்பு. செயினில் உப்பு, கம்பியில் உப்பு, போல்ட் இடுக்கெல்லாம் உப்பு.

உப்பளத்தில் வேலை பார்த்த எவனுக்கும் அதைப் பார்த்துச் சும்மா நிற்க முடியாது. இரும்பு, உப்பு, துணி, எண்ணெய், இந்த நான்கும் என் தலைக்குள் ஒரே வரிசை. பையில் என் தலை எண்ணெய் பாட்டில் இருந்தது. எடுத்தேன். பயபக்தியோடு துடைத்தேன். ஒரு போல்ட்டை விடவில்லை. சக்கரத்துக்கு நடுவில் இருந்த அந்த இரண்டு வட்டத் தகடுகளிலும்தான் உப்பு அதிகமாகத் தெரிந்தது. ஆகவே அவற்றுக்கு மட்டும் இரண்டு கோட்டிங். சைக்கிள் பளபளத்தது. அக்கா திரும்பி வந்து பார்த்து, “நல்லா தொடச்சிருக்கியே கிளார்க்கு” என்று முதுகில் தட்டினார். வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் பூரித்துப் போனது கிடையாது.

சோதனை செய்கிறவர் வந்தார். பிரேக் பிடியை அழுத்திப் பார்த்தார், சரியாக இருந்தது. நின்றுகொண்டிருக்கிற சைக்கிளில் பிரேக் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். முட்டியில் இருந்த சும்மாட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?” என்றார்.

“வாங்கறதா? பதினெட்டு வருஷம் தலையில இருந்துது” என்றார் அக்கா.

பிறகு ஜீப் வந்தது. அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தார். சைக்கிள் பின்னால். பாதி வழியில், மூன்றாவது வளைவில் நின்று பார்க்கலாம் என்று நானும் அதே ஜீப்பில் ஏறிக்கொண்டேன். மலை ஏற ஏற அக்கா ஜன்னல் வழியாகப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். “கிளார்க்கு, ஏறிக்கினு இருக்கேன். தலையில ஒண்ணும் இல்ல பாரு” என்றார், மெல்ல. நான் மூன்றாவது வளைவில் இறங்கிக்கொண்டேன்.

ஒரு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள். பெண்களில் புதியவர்கள் நான்கே பேர். அக்கா இரண்டாவது. முதல் பெண் என்னைக் கடந்து அழகாக வளைந்து போனாள். அடுத்து, மேலேயிருந்து “நவுருங்க! நவுருங்க!” என்று தெரிந்த குரல். பிறகு அக்கா தெரிந்தார். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தார். செருப்பிலிருந்து புகை வருகிற மாதிரி மண் பறந்தது. ஷூதான் போட்டிருந்தார், பதற்றத்தில் எனக்கு அது செருப்பாகத் தெரிந்தது. வளைவு வந்தது. அக்கா வளையவில்லை. நேராகப் போய் உண்ணிச் செடிப் புதருக்குள் மறைந்தார்.

நான் ஓடினேன். புதருக்குள் அக்கா மல்லாந்து கிடந்தார். அவர் மேல் சைக்கிள். இரண்டு கையாலும் அதை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே? பாருபா மொதல்ல. அமானிதம்பா அது.”

“ஒங்களுக்கு எங்கனா அடிபட்டுச்சாக்கா?”

“எனக்கு இன்னா, நா அமானிதமா?”

எழுந்தார். முழங்கையில் ரத்தம். சைக்கிளை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் கவலையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து டிஸ்க்கை ஒரு விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். முகர்ந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். எனக்கு அந்த நொடியில் போண்டாக் கடையும் பாயின் குரலும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

வளைவுக்குப் பொறுப்பாக விசிலோடு நின்ற ஊழியர் ஓடிவந்தார். “அக்கா, ரேஸ விட்டுடறதுன்னா விட்டுடலாம். இல்லன்னா வண்டிய தள்ளிக்கிட்டு நடந்து போய் லைன தாண்டுங்க, அதுவும் கணக்குதான். தலையில தூக்கி வெச்சிக்கிட்டுப் போனாக்கூட ரூல்ஸ்ல தப்பு இல்ல.”

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அக்காவிடம் சொல்லக்கூடாத ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்.

“தலையில வெச்சிக்கினு இறங்கறதுக்கா தம்பி நா மரக்காணத்துல இருந்து வந்தேன்?” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “ஏறுறதுக்குத்தான் தலை. இறங்கறதுக்கு சக்கரம்.”

ஓரமாகக் காலை மடக்கி உட்கார்ந்தார். வீட்டு வாசலில் பாத்திரம் துலக்க உட்கார்வது போலவேதான். இடுப்புப் பையிலிருந்து திருஷ்டிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மிளகாயை என் கையில் கொடுத்தார். உப்பை டிஸ்க்கில் போட்டு, கை உறையால் தேய்த்தார். எண்ணெயைக் குடித்து உப்பு கறுத்தது. உதறினார். மறுபடி உப்பு, மறுபடி தேய்ப்பு. பாய் கொடுத்திருந்த கட்டிங் பிளேயரால் பிரேக் கட்டைகளைக் கழற்றி, பக்கத்துப் பாறையில் கரகரவென்று உரசினார். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். மற்ற இரண்டு பெண்களும் எங்களைக் கடந்து போனார்கள். அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. “நேரம் ஓடிக்கினு இருக்குதுக்கா” என்றேன். “ஓடட்டும்பா. அது ஓட்றதுக்குத்தான் இருக்குது” என்றார். வேறொரு கவலையும் அவர் முகத்தில் இல்லை. இந்தத் தகடு பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டையைத் திரும்ப மாட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை அழுத்தினார். கீ...ச்சென்று ஒரு சத்தம். மரத்திலிருந்த காக்கை எல்லாம் எழுந்துவிட்டன. ஆனால் சக்கரம் நின்றது. முழுதாக இல்லை, பாதி நம்பிக்கையோடு நின்றது. அக்காவுக்கு அது போதும். ஏறி உட்கார்ந்தார்.

நான் குறுக்குப் பாதையில் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன். வழியெல்லாம் அந்தக் கீச் சத்தம் மலையில் வளைந்து வளைந்து இறங்குவது கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றால் நானும் நிற்பேன். மறுபடி கேட்டால் ஓடுவேன். அடிவாரத்தில் கூட்டம் முழுக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி இறக்கத்தில் அக்கா தெரிந்தபோது பிரேக்கை விட்டுவிட்டார். சத்தம் அடங்கியது. உட்கார்ந்துகொண்டே, சர்ரென்று, கோட்டைத் தாண்டி, வைக்கோல் கட்டுகளில் போய் முட்டி நின்றார்.

நான்கு பேரில் நான்காவது. ஆனால் யாருக்கும் அவ்வளவு கைதட்டல் விழவில்லை. அக்கா இறங்கி, சைக்கிளைச் சாய்த்து வைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி அதன் மேல் மாட்டினார். பிறகு வலது கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். “ஒண்ணும் இல்லபா” என்றார். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும்தான்.

அந்த நேரத்தில்தான் பாய் குனிந்து டிஸ்க்கைப் பார்த்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

“எவன் இதுல எண்ண வெச்சது? ஆள கொன்னுருப்பானே! படிச்சிப் படிச்சி சொன்னேனே! சொல்லுங்க, எவன்?”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

“நாந்தான் பாய்” என்றார் அக்கா. “காலையில உப்பப் பாத்ததும் கை பழக்கத்துல வெச்சிட்டேன். வுடு. திட்டறதுன்னா ஊர்ல போயி திட்டு.”

சைக்கிளை பஸ் கூரையில் கட்டிக்கொண்டு திரும்பினோம். பாய் அவரை ஊர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். திண்டிவனத்தில் பாய் டீ குடிக்க இறங்கியபோது அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

“கிளார்க்கு, அந்த செம்பருத்தி வாசன மூணு வருஷமா எனக்குத் தெரியும். இனிமே அத ஒன் தலையோட நிறுத்திக்க.”

“ஏன்க்கா என் பேரச் சொல்லல?”

“ஒனக்கு மொகம் வெள்ளையா பூட்சிபா. எங்க உப்பு மாதிரி. அதுக்கு மேல ஒன்ன இன்னா சொல்றது?”

நான் சென்னைக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த சைக்கிளின் சொந்தக்காரன் இன்னும் வரவில்லை. சீட்டு இன்னும் ஹேண்டில்பாரில் இருக்கிறது. அக்கா இன்னும் பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்களை முறைக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு ரேஸ்கள் ஓட்டிவிட்டார். போன தடவை கடைசிக்கு முந்தின இடம். தோற்றுப்போன அந்த ஒரு பெண்ணுக்காக வருத்தப்பட்டுக்கொண்டு எனக்குப் போன் பண்ணினார்.

மரக்காணத்துக்குப் போகும்போதெல்லாம் ஷெட்டுக்குப் போவேன். அக்கா அயோடின் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்து, “கையக் காட்டு” என்பார். நான் இரண்டு கையையும் நீட்டுவேன். உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். திருப்பி, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பார். பிறகுதான் சைக்கிளை என்னிடம் கொடுப்பார். “புடி. தோ வந்துட்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அவர் திரும்பி வரும்வரை நான் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அப்படியே நிற்பேன். நிழலுக்குக்கூடப் போக மாட்டேன். என்னை நம்பி அவர் விட்டுவிட்டுப் போன பொருள் அல்லவா?